முருங்கைக்காய்த் துப்பாக்கி

எங்கள் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீடியோ கசெட்டை இயந்திரத்தின் வாயில் வைத்துத் தள்ளியதும் அது மெல்ல விழுங்கும். உள்ளே எங்கோ 'களக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கும் படம் தெரிவதற்கும் இடையில் வீடு முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். இன்றைக்கு முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, வாசிக்க ஒரு கண்ணாடியும் தூரத்துக்கு இன்னொரு கண்ணாடியும் தேடுகிற நீங்கள் எல்லோரும் அப்படி மூச்சை அடக்கியவர்கள்தான். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கோடை விடுமுறையில் நாங்கள் மூன்று பேர் பாரிஸில், தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், கொள்ளைக்காரரானோம். அந்தக் கதை இது.

அப்போது நாங்கள் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு கடைக்கு மேலே, படியேறியே போக வேண்டிய ஒற்றை அறையில் இருந்தோம். அப்பா ரெஸ்ரோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவினார். அம்மா விடியமுன் அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போய், நான் பல் தீட்டும்போது திரும்பி வந்துவிடுவார். ஜன்னலைத் திறந்தால் கீழேயிருந்து கறிவேப்பிலையும் பெருங்காயமும், கார் து நோர் ரயில் நிலையப் பக்கமிருந்து சூடேறிய இரும்பு வாடையும் ஒன்றாக வரும். எனக்குப் பதினொரு வயது.

அந்தக் கோடையில் சின்னம்மாவின் மகளை எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். அவர்கள் புறநகரான லா கூர்னெவ்வில் ஒரு உயர்ந்த கட்டடத்தில் இருந்தார்கள். தங்கச்சிக்கு ஒன்பது வயது. ஊரிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகியும் பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு சொல் பேசியதில்லை. கேட்ட கேள்விக்குத் தலைகூட ஆட்டவில்லையாம். தலைமை ஆசிரியை சின்னம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு மூளை வளர்ச்சி போதாது போலிருக்கிறது, செப்டெம்பரில் அப்படிப்பட்ட பிள்ளைகள் படிக்கிற வேறு இடத்துக்கு அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார். அதை மொழிபெயர்த்தவர் அயல்வீட்டுக்காரர் ஒருவர். அவர் எந்தச் சொல்லையும் மெதுவாக்கிச் சொல்லவில்லை. 'மந்தமாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அந்தச் சொல் எங்கள் சொந்தங்களுக்குள் தொலைபேசியில் பரவியது. இன்னொரு புறநகரான ஸ்தேனில் இருந்த பெரியப்பா அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, "பாவம், பெட்டைப் பிள்ளை வேறை" என்றார். தங்கச்சி பக்கத்தில் இருந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காதும் கேளாது என்று எல்லோரும் நினைத்தார்களோ என்னவோ.

விடுமுறைக்குள் அவளுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காலையில் என் பழைய பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் வாசிப்பேன். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். "சொல்லடி!" என்று கத்துவேன். சொல்லமாட்டாள். தமிழில் மட்டும், அதுவும் என்னோடு மட்டும், தேவைக்குக் கதைப்பாள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டுக்கு வந்தார்கள். கீழே கடையில் அப்பா ஒரு முருகன் படம் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். அந்தக் கடையில் ஒரு பக்கம் மரக்கறியும் மிளகாய்த்தூளும், மறுபக்கம் வீடியோ கசெட்டும் இருக்கும். நாங்கள் கடைக்கார மாமா என்று கூப்பிடுகிறவர்தான் முதலாளி. அம்மா முகம் கழுவித் திருநீறு பூசிக்கொண்டு வந்து சுவரோரம் இருந்தார். கசெட் உள்ளே போனது. களக்.

மழை பெய்தது. பச்சை மலை ஒன்று தெரிந்தது. மலை முழுக்கச் செம்மறி ஆடு. பாவாடை கட்டிய ஒரு ஆள் தோற்பையில் குழல் வைத்து ஊதிக்கொண்டு நடந்துவந்து, பள்ளத்துக்குள் விழுந்தான்.

"என்னப்பா இது?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"பொறுங்கோ, விளம்பரமாயிருக்கும்."

அம்மா மட்டும் நம்பிக்கையை விடவில்லை. "மலை தெரியுதுதானே. முருகன் பிறகு வருவார்."

முருகன் வரவில்லை. என்ன நடந்தது என்பது பிறகு தெரிந்தது. கடைக்கார மாமா பழைய பொருள் சந்தையில் யாரோ வீசிய கசெட்டுகளை வாங்கி, மேலே வேறு பெயர் ஒட்டி, தமிழ்ப் படங்களைப் பதிவார். பதிவதற்கு முன் கசெட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன ஓட்டையைச் செலோரேப்பால் மூட வேண்டும், இல்லாவிட்டால் பதியாது. அந்தக் கசெட்டுக்கு அவர் ரேப் ஒட்ட மறந்துபோனார். பெயரை மட்டும் ஒட்டிவிட்டார். அந்த ஒட்டுக்கு அடியில் இருந்த உண்மையான பெயர் எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. இன்றைக்கும் தேடிப் பிடிக்க முடியவில்லை.

ஸ்கொட்லாந்துப் படம் என்று ஒருவர் சொன்னார். லண்டனில் கொஞ்சக் காலம் இருந்தவர் அவர். ஆனால் அவருக்கே அவர்கள் பேசிய இங்கிலீஷில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கீழே பிரெஞ்சு எழுத்தும் ஓடவில்லை. பெரியவர்கள் சாப்பாட்டுக்கும் அரசியலுக்கும் திரும்பினார்கள். நாங்கள் இரண்டு பேரும் திரைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு இருந்தோம்.

கதையில் மூன்று பேர். பேக்கரியிலிருந்து துரத்தப்பட்ட ஒரு குண்டுப் பெடியன், மூக்குக்கண்ணாடி போட்ட சிவப்புத்தலைப் பெட்டை, ஆட்டைக் கண்டால் பயப்படுகிற ஒரு நெட்டையன். ஊரில் யாரும் அவர்களுக்கு வேலை கொடுக்கவில்லை, அவர்கள் சொல்வதைக் கேட்கவும் இல்லை. அவர்கள் வெறும் கோதுமை மாப்பைகளில் கண்ணுக்கு ஓட்டை வெட்டி, தலையில் மாட்டிக்கொண்டு, மலைப்பாதையில் ஒரு லொறியை மறித்தார்கள். பெரிய பொக்கிஷம் என்று நினைத்துக் கதவைத் திறந்தால் உள்ளே சப்பாத்து. கூரைவரைக்கும் சப்பாத்து. குண்டுப் பெடியன் ஒன்றைப் போட்டுப் பார்த்தான். இன்னொன்றைப் போட்டுப் பார்த்தான். முகம் மாறியது.

எனக்கு விளங்கவில்லை. தங்கச்சி எழும்பி நின்றுவிட்டாள். "அக்கா! எல்லாம் இடது கால்!"

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிலத்தில் உருண்டு சிரித்தாள். வந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். அந்த அறையில் அந்தப் பகிடியை முதலில் பிடித்தவள் அவள். பெரியவர்கள் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்கள். அம்மா அப்பாவிடம் மெதுவாக, "காரணமில்லாமல் சிரிக்கிறாள் பாருங்கோ" என்றார். காரணம் அவர்களுக்கு முன்னால் பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் சப்பாத்தை ஊருக்கே பங்கிட்டார்கள். ஊர்ச்சனம் எல்லாம் இரண்டு காலிலும் இடதுகால் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கோணலாக நடந்தார்கள். சைக்கிளில் வந்த பொலிஸ்காரர் யாரிடம் கேட்டாலும் யாரும் அந்த மூன்று பேரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது கொள்ளைக்காரனைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தின் மற்றப் படிக்கட்டுப் பக்கம் ஒரு பாண்டிச்சேரிக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெடியனுக்குப் பன்னிரண்டு வயது, வயதுக்கு மீறிய உயரம். அவன் அப்பா பிரெஞ்சு இராணுவத்தில் இருந்துவிட்டு, பிறகு ஒரு அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தார். வாசலில் கண்டால் எங்கள் அப்பாவுக்கு 'பொன்ஜூர் மொஸ்யே' சொல்லித் தலை குனிவார். அப்பா ஒரு 'ம்' மட்டும் சொல்வார். "அவையள் வேறை ஆக்கள். பிறந்த நாளிலயிருந்து பிரெஞ்சுப் பாஸ்போட் வைச்சிருக்கிறவை" என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. அகதி அட்டைக்காக வருடக்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு அப்படி ஒரு கசப்பு இருந்தது. அதற்கும் அந்தப் பெடியனுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அவன் வீட்டில் பின்னேரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். கசெட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முதல் அவனுக்கும் காட்ட வேண்டும் என்று தங்கச்சி பிடிவாதம் பிடித்தாள். அவர்கள் வீடியோப் பெட்டி பிரெஞ்சுப் பெட்டி, அதில் வெளிநாட்டுக் கசெட் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். சிவப்புத்தலைப் பெட்டை அங்கே சாம்பல்தலை. ஆனாலும் அவனும் உருண்டு சிரித்தான்.

"என்னா பேசறாங்க?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. தங்கச்சிதான் தொடங்கினாள். திரையில் ஆள் வாயைத் திறந்ததும் அவள் தமிழில் ஒரு குரல் கொடுத்தாள். குண்டுப் பெடியனுக்கு ஒரு குரல், பொலிஸ்காரருக்கு ஒரு குரல். எனக்குப் பிரெஞ்சு தெரியும், அவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் அதால் ஒரு பிரயோசனமும் இல்லை. மூன்று பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அதில் அவள்தான் கெட்டிக்காரி. அன்றைக்கே அவள் எங்களுக்குத் தலைவியாகிவிட்டாள். யாரும் வாக்கெடுக்கவில்லை.

கசெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்கார மாமா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, ரேப் ஒட்ட மறந்திட்டன். வியாழக்கிழமை லண்டனிலயிருந்து புதுப் படம் வருது. அதைப் பதிஞ்சு தாறன் எண்டு கொப்பாட்டைச் சொல்லு."

"மாமா, இந்தப் படத்தை அழிக்காதையுங்கோ. எங்களுக்குத் தாங்கோ" என்றேன்.

"வெள்ளைக்காரன் மழையில நனையிறதைப் பாத்து என்னடி செய்யப்போறியள்? எனக்குக் கசெட் தேவை பிள்ளை. புதுப் படத்துக்குச் சனம் வரிசையில நிக்குது."

அவர் கெட்டவர் இல்லை. கேட்காமலே கையில் ஒரு கல்கண்டு வைப்பவர். அன்றைக்கும் வைத்தார். தங்கச்சி அதை வாங்கவில்லை. வெளியே வந்ததும், "எடுப்பம்" என்றாள்.

திட்டம் முழுக்க அவளுடையது. மத்தியானம் மரக்கறி வான் வரும்போது மாமா வாசலுக்குப் போய்ப் பெட்டி இறக்குவார் என்பதை அவள் கவனித்திருந்தாள். பாண்டிச்சேரிப் பெடியனைக் கண்டால் மாமா விடமாட்டார், மரக்கறியைக் காட்டி 'இதுக்குத் தமிழிலை என்ன, சொல்லு பாப்பம்' என்று பிடித்து வைத்துக்கொள்வார் என்பதையும் கவனித்திருந்தாள். அவன் பிழையாகச் சொன்னால் மாமாவுக்கு ஒரே கொண்டாட்டம். ஆகவே அவன் வாசலில் நின்று பிழையாகச் சொல்ல வேண்டும். நான் கல்லாப் பக்கம் நின்று யாராவது வந்தால் இரும வேண்டும். அவள் கசெட்டை மாற்றுவாள். கசெட்டின் உறை அதே உறை, உள்ளே வேறு கசெட்.

"மாத்திறதுக்கு வேண்டாத கசெட் ஒண்டு வேணும்" என்றாள்.

"எங்க வீட்ல ஒண்ணு கெடக்குது. பழைய ஃபுட்போல் மட்ச்" என்றான் அவன்.

எல்லாம் திட்டப்படி நடந்தது. பெடியன் உருளைக்கிழங்கைப் பிரெஞ்சில் 'பொம் து தேர்' என்றான், கத்தரிக்காயைப் பார்த்து நீண்ட நேரம் யோசித்தான். மாமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். தங்கச்சி சட்டைக்குள் கசெட்டைச் செருகிக்கொண்டு, கையை ஆட்டாமல் நேராக நடந்து வெளியே வந்தாள். அன்று பின்னேரம் அந்தச் சாம்பல்தலைப் பெட்டையை மறுபடி பார்த்தோம். உலகத்தில் எங்களைவிடத் துணிந்தவர்கள் யாரும் இல்லை.

வியாழன் மத்தியானத்துக்குச் சற்று முன் அவன் எங்கள் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தான். மூச்சு வாங்கியது.

"அது ஃபுட்போல் இல்ல. என் கொமுனியோன் கசெட்!"

அவனுடைய முதல் நன்மை விழா. கத்தோலிக்கக் கோவிலில், அவன் நற்கருணையை முதன்முதலாக வாங்கிய அன்று எடுத்தது. வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், அவர்களுக்குக் காட்ட அவன் அம்மா தேடியபோது, அலுமாரியில் இருந்த கசெட்டில் உதைபந்து ஓடியதாம். மேலே ஒன்றும் எழுதாததால் இரண்டும் மாறிப்போயின. அதோடு முடியவில்லை. அந்த விழாவில் அவன் அம்மா தனியாக ஒரு பாட்டுப் பாடியிருந்தார். அதற்குப் பிறகு அவருக்குத் தொண்டையில் ஒப்பரேசன் நடந்தது. இப்போது அவர் பேசுவதே காற்றுப் போல இருக்கும். அவர் குரல் மிச்சம் இருந்தது அந்த ஒரு கசெட்டில்தான்.

மூன்று பேரும் கீழே ஓடினோம்.

கடை நிரம்பி வழிந்தது. லண்டனிலிருந்து படம் வந்துவிட்டது. பின்சுவரில் பதிவுப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மாமா ஒவ்வொன்றிலும் கசெட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு கசெட் மாறிப்போச்சு..." என்று தொடங்கினேன்.

"இப்ப நேரமில்லை பிள்ளை, பிறகு வா."

"மாமா, அதிலை..."

"பிறகு எண்டு சொன்னனான் எல்லே!"

பெடியன் முன்னால் போய், "மொஸ்யே, தயவுசெஞ்சு" என்றான். வரிசையில் நின்ற ஒருவர் அவன் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். "பெரிய ஆக்கள் நிக்கிறம், வரிசையில வா."

வாசலில் நின்றோம். தங்கச்சி அங்கே குவிந்து கிடந்த வெறும் மாப்பைகளைப் பார்த்தாள். அரிசிமா வந்த தடித்த கடதாசிப் பைகள். ஒன்றை எடுத்து விரலால் இரண்டு ஓட்டை குத்தினாள்.

"உனக்கென்ன விசரா?" என்றேன்.

"படத்திலயும் ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே. முகத்தை மூடினாப் பிறகுதானே கேட்டவை."

அந்த நிமிடத்தில் எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. பையைத் தலையில் மாட்டினேன். மா கண்ணுக்குள் போனது. மூக்குக்குள் போனது. இன்றைக்கும் இடியப்பத்துக்கு மா குழைக்கும்போது அந்த மணத்தில் என் நெஞ்சு அடிப்பது கொஞ்சம் கூடும். தங்கச்சி வாசல் பெட்டியிலிருந்து நீளமான முருங்கைக்காய் ஒன்றை உருவினாள். துப்பாக்கி போலத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம்.

உள்ளே போனதும் முருங்கைக்காயை நீட்டி முழுக்குரலில் கத்தினாள்.

"எல்லாரும் கையைத் தூக்குங்கோ!"

கொள்ளையடிக்கும்போதும் மரியாதை விடவில்லை. கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன்னால் நின்ற ஒரு அம்மா, "பிள்ளை, ரெண்டு கையிலயும் சாமான் கிடக்கு" என்றார். பின்னாலிருந்து இன்னொருவர் என் செருப்பைப் பார்த்துவிட்டு, "இது நாலாம் மாடிப் பிள்ளை எல்லே!" என்றார். சிரிப்புக் கிளம்பியது. மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடைசிப் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். எல்லாப் பெட்டியிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

பெடியன் ஒரு சத்தம் போட்டான். அழுகையும் இல்லை, கத்தலும் இல்லை. எந்தப் பெட்டியில் அவன் அம்மா இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. மாமா எங்களைப் பிடிக்க வந்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்தேன். பெடியன் குறுக்கே நின்றான், வெங்காயக் கூடை கவிழ்ந்து உருண்டது. தங்கச்சி பெரியவர்களின் கால்களுக்கு இடையால் நுழைந்து, சுவரில் எல்லா வயர்களும் போய்ச் சேர்ந்த அந்த ஒரு பிளக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

எல்லா விளக்கும் அணைந்தன. குளிர்பெட்டியும் நின்றது. லா சப்பலே காத்திருந்த புதுப் படத்தின் பிரதிகள் அத்தனையும் தொடக்கத்திலேயே அறுந்தன.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மாமா முதலில் பிடித்தது பெடியனின் சட்டைக் கழுத்தை. "நீதான்ரா! பாண்டிச்சேரியான் எங்கடை பிள்ளையளைக் கெடுத்துப்போட்டான்!" வரிசை முழுவதும் அதையே திருப்பிச் சொன்னது. உயரமானவன் அவன், அந்நியன் அவன். வேறு சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை. நான் தமிழில் சொன்னேன், அழுதுகொண்டு சொன்னேன். "நீ சும்மா இரு, உன்னைப் பேய்க்காட்டிப்போட்டான்" என்றார்கள்.

அப்பாவை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். ஈர ஏப்ரனோடு ஓடி வந்தார். அந்த நேரம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த பெடியனின் அப்பாவும் கோட்டும் தொப்பியுமாகக் கடைக்குள் நுழைந்தார்.

எங்கள் அப்பா அவரிடம் போய், "அண்ணை, குறை நினையாதையுங்கோ. எங்கடை பிள்ளையள் வாய் திறக்காத பிள்ளையள். இது உங்கடை மகன்ரை வேலை" என்றார்.

அவர் மகனைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கையை ஓங்கினார்.

"செ முவா லு ஷெஃப்!"

தங்கச்சியின் குரல். மாப்பையைக் கழற்றிவிட்டு வெங்காய மூட்டையின்மேல் ஏறி நின்றாள். முகம் முழுக்க வெள்ளை மா, கண் இரண்டும் கறுப்பு. 'நான்தான் தலைவர்' என்று அவள் சொன்னது. எங்கள் அப்பாவுக்கு ஷெஃப் என்றால் வேலைத்தலத்தில் அவரைத் திட்டுகிற சமையல்காரர் மட்டும்தான். அதிர்ச்சியில் அவர், "எந்த ரெஸ்ரோரண்டிலை?" என்று கேட்டார்.

அவள் நிறுத்தவில்லை. பிரெஞ்சில் பேசினாள். அது தன் திட்டம் என்றாள். முதல் நாள் கசெட்டை எடுத்தது தான், இன்றைக்கு வயரைப் பிடுங்கியதும் தான் என்றாள். இவன் கெஞ்சிக் கேட்டான், நீங்கள் யாரும் கேட்கவில்லை, இதற்குள் இவனுடைய அம்மாவின் பாட்டு இருக்கிறது, அதை அழிக்க விடமாட்டேன் என்றாள். வினைச்சொற்கள் எல்லாம் சரியான இடத்தில் வந்தன. நான் வாசித்துக் காட்டிய பாடப்புத்தகத்தின் நீண்ட வாக்கியங்கள், என்னைவிடத் தெளிவாக.

அந்தக் கடையில் அதை முழுக்க விளங்கிக்கொண்ட பெரியவர் ஒருவர்தான். ஓங்கிய கையை அவர் மெதுவாக இறக்கினார். தொப்பியைக் கழற்றினார். "மத்மவசெல்," என்றார், ஒரு பெரிய மனுசியிடம் பேசுவது போல, "தொடர்ந்து சொல்லுங்கள்."

பிறகு அவர் அதைத் தமிழில் எல்லோருக்கும் சொன்னார். குரல் உயர்த்தாமல் சொன்னார். மாமா பெடியனின் கழுத்திலிருந்து கையை எடுத்தார். கசங்கிய சட்டையை இழுத்து நேராக்கிவிட்டார். கசெட்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, நடுப் பெட்டியிலிருந்து அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். "நானும் ஒரு சொல் கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். எங்களுக்குத் தண்டனை, அந்த விடுமுறை முடியும்வரை கடையில் வெங்காயம் தரம் பிரிப்பது. ஸ்கொட்லாந்துப் படத்தையும் வாங்கிக்கொண்டார். அடுத்த கிழமையே அதன்மேல் புதுப் படத்தைப் பதிந்தார். இந்த முறை ரேப் ஒட்ட மறக்கவில்லை. நாங்கள் அழவில்லை. எங்களுக்கு அது வசனத்தோடு மனப்பாடம், வசனம் எங்களுடையதுதானே.

ஞாயிற்றுக்கிழமை அப்பா தேய்த்த சேர்ட் போட்டுக்கொண்டு, அம்மா சுட்ட வடைப் பையுடன், முதல்தடவையாக மற்றப் படிக்கட்டில் ஏறினார். நாங்களும் போனோம். விருந்தாளிகளோடு சேர்ந்து அந்த விழாவைப் பார்த்தோம். முதலில், மாமா பதியத் தொடங்கிய புதுப் படத்தின் கதாநாயகன் கறுப்பு வெள்ளையில் காரிலிருந்து இறங்கினான், கறுப்புக்கண்ணாடியைச் சுழற்றினான், நாலு பேரை உதைத்தான். திடீரென்று முழுக் கலரில் பீடமும் மெழுகுவர்த்தியும், வெள்ளை அங்கியில் பெடியனும். பாண்டிச்சேரி விருந்தாளிகள் திகைத்தார்கள். அப்பா நிலத்தைப் பார்த்தார். அப்போது பெடியனின் அம்மாதான் காற்றுக் குரலில், ஊதுவது போலச் சிரிக்கத் தொடங்கினார். பிறகு எல்லோரும் சிரித்தோம். பாட்டு வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அது முழுசாக இருந்தது.

செப்டெம்பரில் பள்ளிக்கூடம் திறக்க முதல் தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போனோம். சின்னம்மா, தங்கச்சி, மொழிபெயர்க்க நான். கூப்பிடாமலே பெடியனின் அப்பாவும் வந்தார். ஆர்.இ.ஆர். புறநகர் ரயிலில் லா கூர்னெவ்வரை நிமிர்ந்து நின்றே வந்தார், கோட்டில் இராணுவப் பதக்கங்களைக் குத்தியிருந்தார். அன்றைக்கு எனக்கு அது கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஆட்கள் பார்த்தார்கள். இப்போது யோசிக்கிறேன். ஒரு மாதத்துக்கு முதல் அவர் மகனைக் கள்ளன் என்று கழுத்தில் பிடித்தது எங்கள் ஆட்கள். அவர் அந்தப் பதக்கங்களை எடுத்துக் குத்திக்கொண்டது எங்கள் பிள்ளைக்காக.

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்து, "அவளிடம் கேள், இந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க விருப்பமா என்று" என்றார். நான் வாயைத் திறக்க முதல் தங்கச்சி பதில் சொன்னாள். விருப்பம் என்றாள், சாதாரண வகுப்பில் என்றாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். ஏன் இவ்வளவு காலமும் பேசவில்லை என்று கேட்டார்.

"பிழையாகப் பேசினால் சிரிக்கிறார்கள். பிழை வராமல் பேச முடியும்வரை பொறுத்திருந்தேன்."

தலைமை ஆசிரியை கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, சரி, இலையுதிர்கால விடுமுறைவரை வைத்துப் பார்க்கலாம் என்றார்.

"அதற்குப் பிறகு?" என்றாள் தங்கச்சி.

பெடியனின் அப்பா இருமினார். அது சிரிப்பென்று எனக்குத் தெரியும். "அதற்குப் பிறகும்" என்றார் தலைமை ஆசிரியை.

தங்கச்சி இப்போது ஸ்தேனில் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துகிறாள். மூன்று பாஷையில் திட்டுவாள், எதிலும் பிழை வராது. அந்தப் பெடியன் ஒரு நகரசபையில் வேலை செய்கிறான், தலை நரைத்துவிட்டது. இருவரும் சந்தித்தால் இன்னும் என்னைப் பேச விடமாட்டார்கள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது, அன்று அம்மாவிடம் செய்தி சொல்ல எல்லோரும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது லா கூர்னெவ் ரயில் மேடையில் நடந்ததுதான். சின்னம்மா தூணோடு சாய்ந்து நின்று அழுதார். சந்தோஷ அழுகை என்று நான் நினைத்தேன், முழுக்க அப்படி இல்லை.

"இவ்வளவும் தெரியுமெண்டு ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை? மந்தம் மந்தம் எண்டு நான் எத்தினை பேரிட்டை அழுதனான்."

தங்கச்சி தாயின் கையைப் பிடித்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"நீங்கள் என்னைக் கேக்கேல்லையே அம்மா. பள்ளிக்கூடத்தைத்தானே கேட்டனீங்கள்."

ரயில் வந்தது. சின்னம்மா ஏறவில்லை. பிள்ளைக்கு முன்னால் குந்தி இருந்து, அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். நாங்கள் அடுத்த ரயிலுக்கு நின்றோம்.